சாயம் பூசாத போதிதர்மர்

சீனப் பீங்கான் என்றதும் வெள்ளையில் நீலப் பூ வரைந்த ஜாடிதான் பலருக்கும் ஞாபகம் வரும். எனக்கோ தெஹுவா வெள்ளைதான். ஃபூஜியன் மாகாணத்தில், சுவான்சௌ துறைமுகத்திலிருந்து உள்ளே தள்ளி மலைப்பக்கம் இருக்கிறது தெஹுவா. ஆமாம், 1281-இல் தமிழ்க் கல்வெட்டு வைத்து சிவனை எழுந்தருளச் செய்தார்களே, அதே சுவான்சௌதான்.

அந்த ஊர் மண்ணில் இரும்பு ரொம்பக் குறைவு, அதனால் சூளையில் வெந்த பிறகும் வெள்ளையாகவே நிற்கிறது. ஆனால் மிங் அரச வம்சக் காலச் சிலைகளில் அது சுண்ணாம்பு வெள்ளை இல்லை, தந்தம் மாதிரி லேசாக மஞ்சள் ஓடும். அடுத்து வந்த சிங் வம்சக் காலத்துக்கு வர வர கொஞ்சம் நீலம் தட்டும்.

சாயமே கிடையாது என்பதால் செதுக்கியவனின் கை அப்படியே தெரிந்துவிடும், ஒளிக்க இடமில்லை. மிங் காலக் கடைசியில் இருந்த ஹெ சாவ்சோங் செய்த போதிதர்மர் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறார். காஞ்சிபுரத்து இளவரசர் என்று வழிவழியாகச் சொல்கிறோமே, அவரேதான். அலை மேல் வெறுங்காலோடு நிற்கிறார், கை இரண்டும் அங்கிக்குள், காற்றில் அங்கி ஒரு பக்கமாக இழுபடுகிறது. முகத்தைப் பார்த்தால் இந்த மனுஷனிடம் சும்மா பேச்சுக் கொடுக்கக்கூடத் தயங்குவோம். பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் சிலைகளின் சாந்தம் அழகுதான், ஆனால் என் ஓட்டு இவருக்குத்தான்.

ஹெ சாவ்சோங் தன் சிலைகளின் முதுகில் பெயர் முத்திரை குத்துவார். அப்புறம் என்ன, பின்னால் வந்தவர்களும் பல தலைமுறைக்கு அதே முத்திரையைக் குத்தித் தள்ளிவிட்டார்கள். முத்திரையைப் பார்த்ததுமே விலையை ஏற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விரல் நுனி, துணி மடிப்பின் ஆழம், அப்புறம் சிலையைக் கவிழ்த்து உள்ளே. பெரும்பாலும் குடைவாகத்தான் இருக்கும், அச்சுக்குள் மண்ணை வைத்து அழுத்திய விரல் தடம்கூடச் சிலதில் தெரியும்.

ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் நாகசாகிப் பக்கத்து மறைவுக் கிறிஸ்தவர்கள், குழந்தையை ஏந்திய தெஹுவா குவான்யினைத்தான் மாதாவாக வைத்துக் கும்பிட்டார்கள். அதிகாரிகள் பறிமுதல் செய்த அந்தச் சிலைகளில் சில இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் யார் முத்திரை இருக்கிறது என்று கும்பிட்டவர்கள் திருப்பிப் பார்த்திருப்பார்களா என்ன!