ராஜசாரஸுக்குத் திருக்கைத் தோல்

நான் செய்துகொண்டிருக்கும் ராஜசாரஸ் டைனோசர் பொம்மைக்கு இடது பக்கத் தோல் முடிந்துவிட்டது. மூன்று தடவை சுரண்டி எறிந்து, நாலாவது தடவையில் கழுத்திலிருந்து வால்நுனி வரை வரிசை தெரியாத செதில் வந்திருக்கிறது. இதை எழுதும் நடுவிலும் ஒருமுறை எழுந்து போய், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கம்பிக்கூடும் தசையும் போன மழைக்காலத்திலேயே முடிந்த கதை. அளவு இருபதில் ஒன்று. 9 மீட்டர் என்ற பழைய கணக்கை நம்பி 45 செ.மீ.க்குக் கம்பி வெட்டியிருந்தேன். 2016-ல் வந்த கணக்கு 6.6 மீட்டர் என்கிறது, ஆக 33 செ.மீ. போதும். மிச்சக் கம்பியை அம்மா அடுக்களையில் கரண்டி மாட்ட வளைத்துக்கொண்டாள்.

கொம்பிலும் சறுக்கினேன். பேரிலேயே ராஜா இருக்கிறதே என்று காண்டாமிருகம் மாதிரி நெட்டையாக வைத்துவிட்டேன். மண்டையோட்டில் இருப்பது குட்டையான, உருண்டையான ஒரு புடைப்பு, அவ்வளவுதான். 1854-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்கு இகுவானோடான் என்ற டைனோசரின் சிலை செய்த சிற்பி ஹாக்கின்ஸ் அதன் மூக்கில் கொம்பு வைத்தார். 1878-ல் பெல்ஜியத்தில் முழு எலும்புக்கூடுகள் அகப்பட்ட பிறகுதான் அது கட்டைவிரல் முள் என்று உறுதியானது. அவருக்காவது முழு எலும்புக்கூடு கிடைக்கவில்லை. எனக்குப் படம் கையிலேயே இருந்தது. அரத்தால் ராவி இறக்கினேன்.

ராஜசாரஸின் எலும்புகள் குஜராத்தின் ரஹியோலியில் 1980-களில் எடுத்தவை. பெயர் சூட்டியது 2003-ல். மண்டையின் ஒரு பகுதி, முதுகெலும்பு, இடுப்பு, கால், வால் என்று கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. கை இல்லை, தோல் இல்லை. இரண்டையும் சொந்தக்காரர்களிடம் கடன் வாங்க வேண்டியதுதான். குட்டையான கை மடகாஸ்கரின் மஜுங்கசாரஸிடமிருந்து, தோல் அர்ஜென்டினாவின் கார்னோடாரஸிடமிருந்து. மூன்றும் அபெலிசாரிட் என்ற ஒரே டைனோசர் குடும்பம். இறகு வைக்கவில்லையா என்று கேட்டார்கள். கார்னோடாரஸ் தோல் அச்சில் செதில்தான் இருக்கிறது, இறகின் தடம் இல்லை. வைக்கவில்லை.

இனித் தோல். முதல் தடவை முதலை முதுகு மாதிரி நேர் வரிசையாகப் புடைப்பு வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கார்னோடாரஸ் தோலைப் பற்றி 2021-ல் வந்த ஆய்வைப் படித்தேன். பெரிய செதில்கள் 20 முதல் 65 மி.மீ. அகலம், கூம்பு வடிவம். அவற்றைச் சுற்றி 14 மி.மீ.க்கும் குறைந்த சின்னச் செதில்கள். பெரியவை வரிசையாக இல்லை, கண்டபடி சிதறிக் கிடக்கின்றன. உடம்பில் இடத்துக்கு இடம் சீராகப் பெருத்தோ சிறுத்தோ போகவும் இல்லை. என் அளவுக்கு வகுத்தால் பெரியது 1 முதல் 3 மி.மீ., சின்னது 0.7-க்கும் கீழே. எல்லாவற்றையும் சுரண்டினேன்.

ஒவ்வொன்றாகக் கையால் உருட்டி ஒட்ட ஆயுசு போதாது. அச்சு வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் ஊரான குலசேகரத்தில் இருந்துகொண்டு அச்சுக்கு ரப்பர் பாலை விலைக்கு வாங்குவதா? பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுகிற அண்ணன் ஒரு சிரட்டை தந்தார். அமோனியா விடாமல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது சிரட்டைக்குள் பந்து. மறுநாள் அமோனியா விட்டு வாங்கினேன். மரத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதனால் ஆறேழு பூச்சு வேண்டும், காயும்போது சுருங்கவும் செய்யும்.

எதன் மேல் பூசுவது? அயனிச்சக்கை என்கிற காட்டுப்பலா, பாகற்காய், ஆரஞ்சுத் தோல் எல்லாம் பார்த்தாயிற்று. அயனிச்சக்கையின் முள் என் விலங்கின் கண்ணைவிடப் பெரிது. கடைசியில் மீன்காரி அக்கா கூடையில் திருக்கையைப் பார்த்தேன். நடுமுதுகில் பொடிப்பொடியாக மணி, இடையிடையே பெரிய மணி. "தோலு மட்டும் போருமா? அதுக்கு என்ன வெல சொல்ல?" என்று சிரித்தார். சாம்பல் போட்டுத் தேய்த்து, பலகையில் ஆணியடித்துக் காயவைத்தேன். இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை.

துணி வைக்காமல் வெறும் பாலை மட்டும் பூசி உரித்ததில் 2 செ.மீ. அச்சு 1.8 ஆகச் சுருங்கியது. மற்ற வேலைக்கு இது தலைவலி. எனக்கு மணி இன்னும் பொடியானது, லாபம்தான்.

ஆனால் இரண்டாவது, மூன்றாவது தடவை தோற்றது இந்த அச்சோடுதான். ஒரே சதுர அச்சை அடுத்தடுத்துக் குத்தினால் அதே பெரிய மணி அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. எதை ஒழிக்க நினைத்தேனோ அந்த வரிசையே வந்து நின்றது. அச்சு ஒட்டாமலிருக்க ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவியது அடுத்த மடத்தனம், மேலே பெயின்ட் ஒட்டவில்லை. இப்போது அச்சை ஓரம் பிய்ந்த ஐந்து துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு குத்துக்கும் திருப்பி, முகப்பவுடர் தொட்டு வைக்கிறேன். அச்சுக் குத்துகிற எம்சீல் பசையை உள்ளங்கையளவுக்கு மேல் பிசைவதில்லை, நம் வெக்கையில் அதற்குள் இறுகிவிடும். பெரிய செதிலை மட்டும் கடைசியில் ஊசிமுனையில் தனியாக வைக்கிறேன், ஒன்றிரண்டு கண்டபடி.

பக்கத்து வீட்டுப் பையன் வந்து வெகுநேரம் பார்த்தான். செதிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கை என்ன மாமா இத்திப்போல இருக்கு? எம்சீல் தீந்துபோச்சா?"

பெயின்டுக்குத் திருவனந்தபுரம் சாலைக் கம்போளம் போக வேண்டும். நிறத்துக்கு ஆதாரம் ஒன்றும் இல்லாததால் அங்கே என் இஷ்டம்தான். ஓணானின் மண் நிறத்தில் நிற்கலாம் என்று இருக்கிறேன். அடுத்தது நம் அரியலூர் கல்லமேட்டு பிருஹத்காயோசாரஸ். முதலில் ஊன் உண்ணி என்று எழுதி, பிறகு நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றிக்கொண்டார்கள். எலும்புகளும் உதிர்ந்து போய்விட்டன. முழங்காலுக்குக் கீழ் எலும்பே 2 மீட்டர் என்பதால் என் அளவில் அது மட்டும் 10 செ.மீ. அதை வைக்க இப்போதே திண்ணையில் இடம் அளந்தாயிற்று.

ஆனால் வலது பக்கம் அப்படியே கிடக்கிறது. அச்சு கிழிய ஆரம்பித்துவிட்டது, இன்னொரு திருக்கை வேண்டும். ஜூன் பிறந்தால் இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இடவப்பாதி மழை பிடித்தால் பால் வெட்டும் நின்றுவிடும். அக்காவிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.