படத்துக்குள் செய்தி ஒளிந்திருக்கிறதா? முதலில் வாலைப் பாருங்கள்

சந்தேகத்துக்குரிய படம் கைக்கு வந்ததும் புள்ளியியல் கணக்கில் இறங்க வேண்டாம். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து கோப்பின் கடைசிக்குப் போங்கள். ஜேபெக் என்றால் 'எஃப்எஃப் டி9' என்ற இரண்டு பைட்டில் முடிய வேண்டும்; பிஎன்ஜி என்றால் 'ஐஇஎன்டி' துண்டில். அதற்குப் பின்னால் என்ன ஒட்டியிருந்தாலும் படம் வழக்கம்போலத்தான் திறக்கும். அங்கே 'பிகே' என்ற எழுத்துகளும் 03 04-ம் தெரிந்தால், வாலில் தொங்குவது ஜிப் கோப்பு.

ஆனால் 'எஃப்எஃப் டி9'ஐ மேலிருந்து தேடாதீர்கள். படம் எடுத்த விவரங்களைச் சேமிக்கும் எக்ஸிஃப் பகுதியில் இருக்கும் குட்டிப் படத்துக்கும் அதே முடிவுக்குறி உண்டு, அங்கேயே ஏமாந்துவிடுவோம். சில போன்களின் 'மோஷன் போட்டோ'வும் ஜேபெக்கின் வாலில் எம்பி4 வீடியோவை ஒட்டிவைக்கும். அதில் சதி எதுவும் இல்லை.

வால் சுத்தமாக இருந்தால் அடுத்தது கடைசி பிட், அதாவது ஒவ்வொரு வண்ண மதிப்பின் கடைசி இரும இலக்கம்; அதை மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது. 1000×1000 பிஎன்ஜியில் மூன்று வண்ணங்களுக்கும் ஒவ்வொரு பிட் எடுத்தாலே 3,75,000 பைட் ஒளிக்கலாம். கடைசி பிட்டை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். வெயிலில் வெளுத்துப்போன வானம் உச்ச மதிப்பான 255-இல் நிற்கும், அதன் கடைசி பிட் 1. அந்த இடம் ஒரே வெள்ளையாகத் தெரிய வேண்டும். அங்கே மணலை இறைத்ததுபோல் புள்ளிகள் இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இருட்டில் எடுத்த படத்தில் இந்த வித்தை பலிக்காது, கடைசி பிட் இயல்பிலேயே இரைச்சல்தான்.

கை-வர்க்கச் சோதனை (கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை) இதையே எண்ணால் பார்க்கிறது. 100-ம் 101-ம் கடைசி பிட்டில் மட்டுமே வேறுபடும். 100 என்ற மதிப்பு 940 முறையும் 101 என்பது 610 முறையும் வந்த படத்தில் கடைசி பிட் முழுக்கச் செய்தியை நிரப்பினால், இரண்டும் 775-ஐ ஒட்டி வந்துவிடும். செய்தி சிறிதாக, அங்கங்கே சிதறிக் கிடந்தால் இந்தச் சோதனை கோட்டைவிடும். அதற்கு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் ஒழுங்கை அளக்கும் ஆர்எஸ் பகுப்பாய்வு வேண்டும்.

செய்தியை ஒளிக்கும் ஸ்டெக்ஹைட் என்ற மென்பொருள் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. மதிப்புகளை மாற்றுவதைவிட இடம் மாற்றி வைப்பதையே பெரும்பாலும் செய்வதால் எண்ணிக்கை கலையாது. அது பிஎன்ஜியைத் தொடாது. ஜேபெக், பிஎம்பி மட்டுமே (ஒலிக்கோப்புகள் தனி). அதன் கடவுச்சொல்லை உடைக்க ஸ்டெக்சீக் என்ற கருவி போதும்: பிரபலமான கடவுச்சொல் பட்டியலின் 1.4 கோடிச் சொற்களையும் சில நொடிகளில் முயன்றுவிடும்.

இவ்வளவும் மூலக்கோப்புக்குத்தான். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் மறுபடி சுருக்கப்படும்; வாலும் போகும், கடைசி பிட்டும் போகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.