இகுவானாவைப் பார்ப்பதற்கு முன் மூன்று ஊசி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் என் இன்டர்ன்ஷிப்

அயல்நாட்டு விலங்குகளைப் பராமரிக்கும் மையத்தில் இன்டர்ன்ஷிப் போக நினைக்கிறவர்கள், விண்ணப்பம் போடும் அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசியின் முதல் டோஸையும் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. நவம்பர் நடுவில் சேர வேண்டியவள் டிசம்பரில்தான் சேர்ந்தேன். செமஸ்டர் லீவில் பாதி ஊசிக்கும் பேப்பருக்குமே போய்விட்டது. அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

நான் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். வீடு காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். மையம் இருப்பது தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டை ஒட்டி. இகுவானா என்ற பெரிய பச்சைப் பல்லி, மக்காவ் கிளி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பறக்கும் அணில் போன்ற சுகர் கிளைடர், மார்மோசெட் குரங்கு, சிவப்புக் காது ஆமை என்று ஆசைக்கு வாங்கிப் பிறகு வளர்க்க முடியாமல் விட்டவைதான் அங்கே இருக்கின்றன. பாதிக்கு மேல் பெங்களூரு அடுக்குமாடி வீடுகளிலிருந்து வந்தவை.

இந்த இடத்தைப் பிடிப்பதற்கு முன் வேறு இரண்டு இடங்களை விசாரித்து விட்டுவிட்டேன். ஓர் இடத்தில் வாரத்துக்கு இவ்வளவு என்று பணம் கேட்டார்கள். கூடவே கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுக்கொண்டு சிரிக்கும் மாணவர்களின் போட்டோக்களை அனுப்பினார்கள். விலங்கைக் கையில் கொடுத்து போட்டோ எடுக்கவிடும் இடம் எதுவாக இருந்தாலும் போகாதீர்கள். சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி அவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். போனில் பேசும்போதே அதைக் கேளுங்கள். ஒழுங்கான இடம் என்றால் கோபப்படாமல் பதில் சொல்வார்கள். நான் சேர்ந்த மையத்தில் நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்கள். விண்ணப்பம், போன் இன்டர்வியூ எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது.

அப்புறம்தான் சிக்கல் ஆரம்பித்தது. ரேபிஸ் முன்தடுப்பு ஊசி மூன்று டோஸும் போட்ட அட்டையை அனுப்பினால்தான் சேரும் தேதி தருவோம் என்று மின்னஞ்சல் வந்தது. இகுவானாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளுக்கு எதற்கு வெறிநாய்க்கடி ஊசி என்று எனக்கும் முதலில் புரியவில்லை. ரேபிஸ் பாலூட்டிகளிடமிருந்து வருவது. மையத்தில் மார்மோசெட் இருக்கிறது, வேலியைச் சுற்றித் தெருநாய்கள் இருக்கின்றன. அதனால் அவர்கள் கேட்டது முழுக்க நியாயம்தான்.

அரசு மருத்துவமனை ஒன்றில் ஓ.பி. சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் நின்றேன். ஊசி போடும் அக்கா, "நாய் எங்க கடிச்சுது? எத்தன நாள் ஆச்சு?" என்றார்.

"கடிக்கலைக்கா. கடிக்கறதுக்கு முன்னாடியே போடணும்."

"கடிச்சா வாம்மா. இது கடிபட்டவங்களுக்கு வெச்சிருக்கிற ஸ்டாக்கு."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பின்னால் கடிபட்ட கையோடு ஒரு சின்னப் பையன் நின்றிருந்தான். ஆனால் வேறு எங்கே போட வேண்டும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மூன்று மேஜைக்கு அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஒரு மருந்துக் கடையில் ஏறத்தாழ நானூறு ரூபாய் கொடுத்து ஊசி மருந்தை நானே வாங்கினேன். சாதாரண பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அதைக் கைப்பையில் வைத்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போய் டாக்டரிடம் நீட்டினேன். அவர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்ததுமே தள்ளி வைத்துவிட்டார். ரேபிஸ் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். வெயிலில் வந்த மருந்தை நம்பி ஊசி போட முடியாது என்றார். வாங்கிய கடையிலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நானூறு ரூபாய் அப்பா மாங்கன்றுக்குக் குழி எடுத்த ஆளுக்குக் கொடுக்க வைத்திருந்த பணம். கிளினிக்கிலேயே மருந்து இருக்கிறதா என்று முதலில் போன் செய்து கேளுங்கள். இல்லையென்றால் ஐஸ் போட்ட பிளாஸ்க் எடுத்துப் போங்கள்.

கடைசியில் கிளினிக்கிலேயே ஃபிரிட்ஜ் இருக்கும் டாக்டர் ஒருவர் கிடைத்தார். முதல் ஊசி போடும் நாளை 0 என்று எண்ண வேண்டும். அடுத்தது 7-ம் நாள், மூன்றாவது 21 அல்லது 28-ம் நாள். மையம் மூன்று டோஸும் கேட்டதால், எவ்வளவு அவசரம் என்றாலும் இதைச் சுருக்க முடியவில்லை. நான் இழந்த மூன்று வாரம் இதுதான். அட்டையில் தேதியோடு மருந்தின் பேட்ச் நம்பரையும் எழுதி சீல் வைத்து வாங்குங்கள். நான் முதலில் அனுப்பிய அட்டையில் பேட்ச் நம்பர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இந்தக் கோர்ஸை முடித்தவர்களை நாளைக்கு நாயே கடித்தாலும் 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு ஊசி போட்டால் போதும், கடித்த இடத்தில் தனியாகப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படாது என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் மனசு கொஞ்சம் ஆறியது. ஊசிக்கு நடுவே காத்திருந்த நாட்களில் டெட்டனஸுக்கான டி.டி. ஊசியையும் போட்டுக்கொண்டேன்.

போலீஸ் வெரிஃபிகேஷனில் ஒரு நாள் போனது. நான் 2003-ல் கிருஷ்ணகிரியில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்று இருக்கிறது. மற்ற எல்லா ஆவணத்திலும் கிருஷ்ணகிரி மாவட்டம். ஸ்டேஷனில் இருந்த இளைஞர் இரண்டும் பொருந்தவில்லை என்று நிறுத்தி வைத்தார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. வயதான ரைட்டர் ஒருவர் சாப்பிட்டுவிட்டு வந்து, "ஆமாய்யா, என் சர்வீஸ் ரெக்கார்டுலயே ரெண்டு மாவட்டமும் இருக்கு" என்ற பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. 2004-க்கு முன் பிறந்த நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பழைய ரேஷன் கார்டு நகல் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக் கடிதத்தில் "மிருகக்காட்சிசாலை" என்று டைப் அடித்துவிட்டார்கள். மையம் ஏற்கவில்லை, மாற்றி வாங்க இன்னொரு நாள். கையெழுத்துக்குப் போவதற்கு முன்பே ஒவ்வொரு வார்த்தையையும் படித்துப் பாருங்கள்.

எல்லாம் கையில் இருக்கிறது என்று நம்பித்தான் முதல் நாள் கிளம்பினேன். காலை நாலரைக்கு எழுந்து கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. கேட்டில் கால் நனைக்க பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தட்டு இருந்தது. பக்கத்தில் நோட்டோடு நின்ற கால்நடை மருத்துவர், "வீட்டுல கோழி, புறா, லவ் பேர்ட்ஸ் ஏதாவது இருக்கா?" என்றார்.

"நாட்டுக்கோழி இருக்கு மேடம். பன்னெண்டு."

"கடைசியா எப்ப அதுங்க பக்கத்துல போனீங்க?"

"காலையில. கெளம்பறதுக்கு முன்னாடி தீனி போட்டுட்டு வந்தேன்."

அவர் என் செருப்பைப் பார்த்தார். ஓரத்தில் காய்ந்த எச்சம் ஒட்டியிருந்தது. அங்கேயே நோட்டை மூடிவிட்டார். நம்ம ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய்க் கிருமி செருப்பிலும் துணியிலும் ஏறி வரும். நோய் வந்தால் ஒரு கொட்டகைப் பறவைகள் மொத்தமும் போய்விடும். மூன்று நாள் எந்தக் கோழியின் பக்கமும் போகாமல், துவைத்த துணியும் வேறு செருப்புமாக வாருங்கள் என்றார். கேட்டுக்கு வெளியே சாலையோரம் உட்கார்ந்து அழுதேன். அவர் செய்தது சரி என்று தெரிந்தும் அழுகை நிற்கவில்லை. அனுப்பிய மின்னஞ்சலில் இதை ஒரு வரி எழுதியிருக்கலாம். வீட்டில் கோழி இல்லாத கிராமம் நம்ம பக்கம் எது?

வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி கோழிதான். அதனால் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். அவர்கள் பட்டுப்புழு வளர்க்கிறார்கள், கோழி கிடையாது. தேன்கனிக்கோட்டையில் நூற்றைம்பது ரூபாய்க்கு ரப்பர் செருப்பு ஒன்று வாங்கினேன். இன்டர்ன்ஷிப் முடியும்வரை அத்தை வீட்டிலேயே தங்கினேன். அங்கே தங்கியதால் ஒரு நல்லதும் நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை என்றால் நாளில் பாதி காய் நறுக்குவதுதான். பூசணி, கேரட், பீன்ஸ், பப்பாளி எல்லாம் ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வோர் அளவு. மீதி நேரம் கூண்டு கழுவுவது. ஊர்வனவற்றையும் ஆமையையும் தொட்டால் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி ஒட்டும். கீப்பர் அண்ணன் தெலுங்கு கலந்த தமிழில் பேசுவார். இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கே இகுவானாவுக்குத் தீனி வைத்தேன். "இப்ப வெக்காத பாப்பா, அது இன்னும் குளுருல கெடக்கு" என்று தட்டை எடுத்துவிட்டார். இகுவானா மத்திய, தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதி உயிரினம். உடம்பு சூடேறினால்தான் அதற்குச் செரிக்கும். டிசம்பரில் அந்தப் பக்கம் அடிக்கும் குளிரில் வெயிலும் விளக்கும் ஏறிய பிறகு பதினொரு மணிக்குத்தான் தீனி.

அங்கே இருந்த ஒன்றை என்னால் மறக்க முடியாது. இரண்டு வயது. கண்ணாடித் தொட்டிக்குள் வெயிலே படாமல் வெள்ளரியும் பிரெட்டும் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். பின்தொடைகள் நன்றாகக் கொழுத்த மாதிரி தெரிந்தன. அது சதை இல்லை, சுண்ணாம்புச் சத்து போய் எலும்பு வீங்கியது. மேடம் என் விரலைப் பிடித்து அதன் கீழ்த்தாடையில் மெதுவாக வைத்தார். எலும்பு இருக்க வேண்டிய இடம் பென்சில் அழிக்கும் ரப்பர் போல வளைந்தது. அது கண்ணை மூடிக்கொண்டது. அழகுக்காக விலங்கு வாங்குகிறவர்கள் ஒரு முறை அந்தத் தாடையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்குக் கால்சியம் மருந்தும் அகத்திக்கீரையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அகத்தி தினமும் கிடைக்காது. வெளியில் வாங்கும் கீரையில் பூச்சிமருந்து பயம் வேறு. பாலக் கீரை அதிகம் கொடுத்தால் அதிலுள்ள ஆக்சலேட் இருக்கிற கால்சியத்தையும் கட்டிவிடும். அத்தை வீட்டு மல்பெரித் தழை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. புழு இருக்கும்போது அந்தத் தோட்டத்தில் யாரும் மருந்து அடிக்க மாட்டார்கள், அடித்தால் மொத்தப் புழுவும் செத்துவிடும். மேடமிடம் சொன்னேன். மல்பெரித் தழையில் கால்சியம் நல்ல அளவு உண்டு, இகுவானாவுக்கு ஏற்றதுதான், கொண்டு வா என்றார். அத்தையிடம் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, மறுநாள் ஒரு கட்டு எடுத்துப் போனேன். கழுவி, கொஞ்சமாக நறுக்கி வைத்தோம். முதலில் நாக்கை நீட்டித் தொட்டது. அப்புறம் தலையைச் சாய்த்து ஒரு துண்டை இழுத்தது. பத்து நாளாக ஊசிக்குழாயில் ஊட்டிய உயிர் தானாக எடுத்துத் தின்றது. கீப்பர் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என் தோளில் ஒரு தட்டு தட்டினார். இப்போது வாரம் மூன்று கட்டு அத்தை வீட்டிலிருந்துதான் போகிறது.

மனசு கனத்த நாட்களும் இருந்தன. நெஞ்சுச் சிறகு முழுக்கத் தானே பிடுங்கிக்கொண்ட சாம்பல் கிளி ஒன்று, யார் நடந்து போனாலும் "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்று கன்னடத்தில் கேட்கும். அது வளர்ந்த வீட்டில் யாரோ தினமும் அதைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் ஒருவர் பக்கெட்டில் இரண்டு சிவப்புக் காது ஆமைகளோடு வந்து, எடுக்காவிட்டால் ஏரியில் விட்டுவிடுவேன் என்றார். வாங்கும்போது பிஸ்கட் அளவு இருந்தது, இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த ஆமை நம்ம ஏரி ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். இடமே இல்லாத நிலையிலும் மையத்தில் அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் தினமும் வீட்டிலிருந்து போய்வரத் திட்டம் போடாதீர்கள். ராகி விளையும் காலத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் தேன்கனிக்கோட்டை, தளி காடுகளுக்கு வரும். மையத்தில் ஐந்து மணிக்கே எங்களை அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டேன். மெயின் ரோடு வரை நடந்துவிடுகிறேன் என்றதற்கு வாட்ச்மேன் தாத்தா கேட்டையே திறக்கவில்லை. பால் வண்டி வரும்வரை உட்கார வைத்து அதில் ஏற்றிவிட்டார்.

முடித்த பிறகும் ஒரு அலைச்சல். மையம் தந்த சான்றிதழில் 26 நாட்கள் என்று இருந்தது. எங்கள் துறையிலோ மணிக்கணக்கு வேண்டும், இது செல்லாது என்றார்கள். நல்லவேளை, தினமும் கிளம்பும்போது வருகைப் பதிவேட்டில் நான் வந்த நேரமும் போன நேரமும் எழுதியிருந்த பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதை அனுப்பியதும் மேடம் கூட்டிப் பார்த்து, 208 மணி நேரம் என்று போட்டு இரண்டே நாளில் புதுச் சான்றிதழ் அனுப்பினார். கூடவே ஒரு போட்டோவும் வந்தது. இகுவானா மரக்கிளையில் பாதி உயரம் ஏறியிருக்கிறது, வாயோரம் ஒரு மல்பெரி இலை தொங்குகிறது.