கட்டிலைச் சுற்றி ஒரு பள்ளிக்கூடம்

இன்றைக்குக் கர்ப்பம் 31 வாரம் 4 நாள். எனக்கு நினைவில்லாவிட்டாலும் பெரியவள் சொல்லிவிடுவாள். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் நாற்பது கட்டம் போட்ட தாளை ஒட்டி வைத்திருக்கிறாள். வாரம் முடிந்தால் ஒரு கட்டத்துக்கு வண்ணம். எந்த வண்ணம் என்பதில் மட்டும் தம்பியோடு சண்டை.

இருபதாவது வாரத்து ஸ்கேனிலேயே நஞ்சு, அதாவது குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடி, கீழே ஒட்டி, கருப்பை வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். "இப்போதைக்குப் பயப்பட வேண்டாம், 32-வது வாரத்தில் மறுபடி பார்ப்போம்" என்றார் மருத்துவர். நானும் பயப்படவில்லை. 26-வது வாரம், ஒரு காலையில் பெரியவளுக்கு நீள்வகுத்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். வலி துளியும் இல்லை. கீழே பார்த்தால் பளீரென்று சிவப்பு. வலியே இல்லாமல் ரத்தம் போவதுதான் இந்தச் சிக்கலின் வழக்கமான அடையாளமாம். அந்த நேரத்தில் யாருக்கு அது தெரியும்?

மூன்று இரவுகள் மருத்துவமனையில் இருந்தேன். குழந்தை முன்கூட்டியே பிறக்க நேர்ந்தால் நுரையீரல் தயாராக இருக்க வேண்டும் என்று, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ரத்தம் நின்றது. கனம் தூக்கக்கூடாது, அதிக நேரம் நிற்கக்கூடாது, வீட்டில் தனியாக இருக்கக்கூடாது, மறுபடி ஒரு சொட்டு தெரிந்தாலும் உடனே கிளம்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லாம் "எழுந்திருக்கவே கூடாது" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள். மருத்துவர் சொன்னது அது இல்லை. கர்ப்ப காலத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும், படுத்தே கிடந்தால் காலில் கட்டி சேரும் அபாயம் கூடும், அதனால் குளிக்கலாம், உட்கார்ந்து சாப்பிடலாம், வீட்டுக்குள் மெதுவாக நாலு நடை நடக்கலாம், படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். இதைத் தொலைபேசியில் விளக்கி விளக்கியே எனக்குப் பாதி ஓய்வு போனது.

பிள்ளைகளுக்கு மூன்று வருடமாக வீட்டில்தான் படிப்பு. "இப்போதாவது பள்ளியில் சேர்த்துவிடு" என்று எல்லோரும் சொன்னார்கள். தப்பான யோசனை இல்லை. நானும் இவரும் இரண்டு இரவு உட்கார்ந்து அதைத்தான் பேசினோம். அம்மாவின் ரத்தத்தைத் தரையில் பார்த்த பிள்ளைகளைப் பாதி வருடத்தில் புது இடத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை. இவர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கினார். சரி, நடத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

முதல் வாரத்துக்கு நான் போட்ட கால அட்டவணையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. அது செவ்வாய்க்கிழமை மதியமே செத்துப்போனது.

அப்புறம் தானாகவே ஒரு விதி அமைந்தது. என் கை எட்டும் தூரத்தில் எது இருக்கிறதோ அதுதான் பாடம். கட்டில் பக்கத்தில் ஒரு கூடை, அதில் தாள், பென்சில், நூல்கண்டு, கத்தரிக்கோல், கதைப் புத்தகங்கள். சின்னவனுக்கு ஆறு வயது, காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அதனால் எனக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு தலையணை. அதற்கு மதில் என்று அவனே பெயர் வைத்தான்.

இடது பக்கம் சாய்ந்து படுத்தால் எனக்குச் சுவர்தான் தெரியும். அவன் என் முதுகுப் பக்கம் உட்கார்ந்து வாசிப்பான். முதல் நாள் நான்கு வரிக்குள் திக்கித் திணறி நின்றுவிட்டான். போன மாதம் வரை சரளமாக வாசித்த பையன்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக் கவனித்தேன். ஒரு சொல்லில் முட்டிக்கொண்டால் அவன் புத்தகத்தைப் பார்ப்பதே இல்லை, என் முகத்தைப் பார்க்கிறான். முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு ஏதோ ஒன்றை எடுத்துவிடுகிறான். என் புருவம் ஏறினால் அது தப்பு, அடுத்த ஊகம். நான் தலையாட்டினால் அது சரி. இத்தனை நாளாக அவன் வாசித்தது என் முகத்தை. ஒரு வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியவில்லை என்பதுதான் வெட்கம்.

மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முதல் வாரம் அழுதான். இரண்டாவது வாரம் எழுத்துக் கூட்டத் தொடங்கினான். இப்போது ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகிறது, ஆனால் வாசிக்கிறான்.

பெரியவளுக்குக் கணக்குப் பாடம் அந்த நாற்பது கட்டத்திலிருந்தே வந்தது. ஒவ்வொரு வாரமும் எத்தனை பங்கு முடிந்தது என்று பின்னமாக எழுதிச் சுருக்க வேண்டும். 26/40 என்பது 13/20. 28/40 என்பது 7/10. 30-வது வாரம் முக்கால் என்று தெரிந்ததும் வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினாள். 29, 31 எல்லாம் சுருங்காது, அவை பகா எண்கள், அது அவளுக்கே தெரியும். 27-தான் அவளை மடக்கியது. "27 மூணால வகுபடுமேம்மா, அப்புறம் ஏன் 27/40 சுருங்கல?" நான் பதில் சொல்லியிருப்பேன். அன்று பார்த்துத் தலைசுற்றல், கண்ணைத் திறக்க முடியவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து, "நாற்பதுக்குள்ள மூணே இல்லம்மா, ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான் எடுக்க முடியும்" என்றாள். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

28-வது வாரத்திலிருந்து அசைவு எண்ணும் வேலை சின்னவனுடையது. தினமும் இரவு, இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரிய வேண்டும். நான் "ம்" என்றால் அவன் ஒரு கோடு போடுவான். நான்கு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இரண்டு கட்டு சேர்ந்துவிடும். ஒரு நாள் மட்டும் ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. ஏழாவது கோட்டுக்குப் பிறகு அவன் பென்சிலைத் தாளின் மேல் அழுத்திப் பிடித்தபடியே காத்திருந்தான், தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. பத்து முடிந்ததும் கீழே "பாப்பா தூங்கிருச்சி" என்று எழுதினான். எழுத்துப்பிழையை நான் திருத்தவில்லை.

எல்லாம் இப்படி அழகாகப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். வரலாறு பக்கம் நாங்கள் தலை வைத்தே ஆறு வாரம் ஆகிறது. மதியம் இரண்டு மணி நேரம் இருவரும் டிவிதான் பார்க்கிறார்கள். படுத்திருப்பவளுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் குரல், அதை நான் தாராளமாகவே பயன்படுத்துகிறேன். போன வாரம் அடுத்த அறையில் சின்னவன் தடுக்கி விழுந்து அழுதான். எழுந்து ஓட முடியாது. "ஒண்ணுமில்லடா, எந்திரி, காட்டு" என்று பெரியவள் சொல்வது கேட்டது. அச்சு அசல் என் குரல், என் இழுப்பு. எல்லோரும் இதைக் கேட்டால் பூரித்துப்போவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவளுக்கு ஒன்பது வயதுதான். அன்று இரவே இவரிடம் பேசினேன். இப்போது தினமும் மாலை நான்கு மணிக்கு மேல் தம்பி அவள் பொறுப்பு இல்லை. விழுந்தால் அப்பா, பசித்தால் அப்பா. அவள் கதவைச் சாத்திக்கொண்டு படம் வரையலாம்.

பலூனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நஞ்சு எப்படி மேலே ஏறும், அதற்குக் கால் இருக்கிறதா என்று சின்னவன் கேட்டான். காற்று ஊதாத பலூனில், வாய்க்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். நூலால் தூரத்தை அளந்து வெட்டிக்கொண்டோம். இவர் ஊதினார். புள்ளி ஒட்டிய இடத்திலேயேதான் இருந்தது, ஆனால் பலூன் விரிய விரிய வாய்க்கும் அதற்கும் நடுவே இடம் கூடிக்கொண்டே போனது. நூல் போதவில்லை. கருப்பையும் அப்படித்தான் கீழ்ப்பக்கம் விரியும் என்றேன். வெறுமனே தாழ்ந்திருக்கும் நஞ்சு பெரும்பாலும் இப்படி விலகிவிடும். எனக்கு இருப்பதுபோல வாயையே மூடிக்கொண்டிருந்தால் வாய்ப்பு குறைவு. விலகாவிட்டால் அறுவை சிகிச்சைதான். இதையும் பெரியவளிடம் சொல்லியிருக்கிறேன், மறைக்கவில்லை.

அந்தப் பலூனைக் கட்டிலின் கால்மாட்டில் கட்டி வைத்தார்கள். நாளாக ஆகக் காற்று இறங்கிச் சுருங்கியது, புள்ளி மறுபடி வாய்ப்பக்கம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. நான் கவனித்தேன். அவளும் கவனித்திருக்கிறாள்போல. நேற்றுக் காலை விழித்துப் பார்த்தபோது அதே நிறத்தில் வேறொரு பலூன், விறைப்பாக ஊதி, அதே நீலப் பேனாப் புள்ளியோடு தொங்கியது. நான் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை ஸ்கேன்.