என் கை இல்ல, உமாய் அம்மாவோட கை

மூணு மாசமா ஒரே எம்பிராய்டரி துணியோட உக்காந்திருக்கேன், கருப்பு வெல்வெட், நடுவுல மேளத்தைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு ஒரு உடகான் நிக்கிறா. உடகான்னா சைபீரியாவுல சாகா மக்கள் பெண் ஷாமனுக்கு, அதாவது ஆவிகளோட பேசுற நம்ம சாமியாடி மாதிரி ஒருத்திக்கு, வச்சிருக்குற பேரு. ஆண் ஷாமனுக்கு அவங்க ஒயூன்னு சொல்வாங்க, அல்தாய் மலைப்பக்கம் காம், கசாக்கு மக்கள்ட்ட பக்ஸி, இடத்துக்கு இடம் பேரு மாறும். ஆனா பொம்பளைக்கு மட்டும் சாகா, புரியாத், மங்கோல்னு எங்க போனாலும் கிட்டத்தட்ட ஒரே சொல்லு! அப்போ இவதான் மூத்தவளா இருக்கணும்னு சில ஆய்வாளர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாடியே வாதாடியிருக்காங்க, அதப் படிச்ச அன்னிக்கே இவளத் தைக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

தையல் முறைய கசாக்கு பொம்பளைங்ககிட்டருந்து எடுத்துகிட்டேன். யூர்ட் கூடாரத்துக்குள்ள சுவர்ல தொங்கவிடுற துஸ் கீஸ்ல அவங்க பிஸ்னு ஒரு கொக்கி ஊசி வச்சு தைப்பாங்க, ஆரி போட்டவங்களுக்கு சொன்னதுமே புரியும், நூல் துணிக்கு அடியில, கொக்கி மேலருந்து இறங்கி இழுத்துட்டு வரும், சங்கிலி சங்கிலியா. ஓரம் முழுக்க ஆட்டுக்கடா கொம்பு சுருள் போட்டேன், அது சுலபமா வந்துச்சு.

அங்கிதான் படுத்திருச்சு. ஷாமன் அங்கியில தொங்குற குஞ்சங்க வெறும் அலங்காரம் இல்ல, பறவையோட இறகு, அத மாட்டினா அவ பறக்குறா. அத துணியோட ஒட்டித் தச்சா செத்த இறகு மாதிரி கெடக்குது, ரெண்டு தடவ பிரிச்சேன், கடைசியில நூல தைக்காம அப்படியே தொங்க விட்டேன், ஃபேன் போட்டதும் அசைஞ்சுது பாருங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

அவ தலைக்கு மேல உமாய். குழந்தைங்களையும் தாய்மாரையும் காக்குற தெய்வம், 732ல மங்கோலியாவுல ஓர்கோன் பள்ளத்தாக்குல குல் தெகின்ங்கிற பழங்கால துருக்கிய இளவரசனுக்காக நட்ட கல்வெட்டுலயே "உமாய் போன்ற என் தாய்"னு வருது. கிர்கிஸ் மருத்துவச்சிங்க பிரசவம் பாக்கும்போது "என் கை இல்ல, உமாய் அம்மாவோட கை"ன்னு சொல்லிட்டுத்தான் தொடுவாங்களாம். ராத்திரி விரல் மரத்துப் போறப்போ நானும் அதையே சொல்லிக்கிறேன்.

துஸ் கீஸ்ல கீழ் ஓரத்த பெரும்பாலும் முடிக்காம விட்டுருவாங்க, நானும் விட்டிருக்கேன். வருஷமும் தச்சவங்க பேரும் போடுறது உண்டு, நான் வருஷம் மட்டும் போட்டிருக்கேன்.