மருந்தா, வெறும் தண்ணியா?

"என் பிள்ளைக்கு ஊத்தினது மருந்தா, வெறும் தண்ணியா, உண்மையச் சொல்லு சிஸ்டர்" என்று அந்த அம்மா கேட்டபோது அவர் மடியில் முறம், முறத்தில் பீடி இலை, கையில் கத்தரி. நான் சிஸ்டரே இல்லை. வேலூர் சி.எம்.சி.யில், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், களப்பணியாளர், சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "எனக்கே தெரியாதுக்கா" என்றேன். அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வர்றவளுக்கே தெரியாதாமே என்று அவர் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தது எனக்கும் கேட்டது.

அது 2011. குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்துக்கான சோதனை. டெல்லி, புனே, வேலூர் என்று மூன்று இடத்திலும் சேர்த்து 6,799 குழந்தைகள். மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத சொட்டு. எந்தக் குழந்தைக்கு எது என்று ஊற்றுகிறவருக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது, தெரிந்துவிட்டால் சோதனையே வீண். பயிற்சி வகுப்பில் கேட்டபோது சுலபமாகத்தான் இருந்தது. ஒரு தாயின் வாசலில் நின்று சொல்லும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துச் சொல்வது என் வேலை. டாக்டர் பக்கத்தில் இருப்பார். மாட்டேன் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் முதலில் பயந்தேன். நடந்தது நேரெதிர். இரண்டாம் பத்தியைத் தாண்டும் முன்பே "சி.எம்.சி. டாக்டர் சொன்னா சரிதாம்மா, எங்க கையெழுத்து?" என்பார்கள். அட, வேலை சீக்கிரம் முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டது எங்கள் மேற்பார்வையாளருக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்து சீக்கிரம் வந்தால் மறுபடி முதலிலிருந்து படி, புரிந்ததை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லிக் கேள் என்றார். கைநாட்டு என்றால் இந்தச் சோதனையில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியும் வேண்டும். அந்தத் தெருக்களில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், சம்பந்தமில்லாத ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

அப்புறம் வயிற்றுப்போக்கு. குழந்தைக்குப் போனால் மலத்தை டப்பாவில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'கக்கா அக்கா'. தெருமுனையில் என் வண்டிச் சத்தம் கேட்டாலே "கக்கா அக்கா வந்துட்டா" என்று கூவுவார்கள். என் வீட்டுக்காரருக்கு இது எப்படியோ தெரிந்து, ஒரு வருஷம் அதை வைத்தே ஓட்டினார்.

எம்.பி.பி.எஸ். மாணவர்களும் சில நாள் கூட வருவார்கள். மிசோரத்திலிருந்து வந்த ஒரு பெண், நோட்டில் எழுதிவைத்த தமிழை எழுத்துக்கூட்டி "தண்ணி எங்கே இருந்து வருது?" என்று கேட்டாள். பீடி சுற்றும் அம்மா எழுந்து, அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், சாக்கடைக்குள்ளேயே ஓடும் குழாயைக் காட்டினார். அப்போ இதுதானே காரணம் என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். இது மற்ற நோய்களுக்குக் காரணம், ரோட்டா மட்டும் நல்ல தண்ணீர் குடிக்கிற பணக்கார நாட்டுப் பிள்ளைகளையும் விடாது, அதனால்தான் சொட்டு மருந்து என்று அவர் அங்கேயே நின்று விளக்கினார். பாடத்தை நானும் கேட்டுக்கொண்டேன், அந்த அம்மாவும் கேட்டுக்கொண்டார். ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது, அவ்வளவுதான். சிகிச்சை, ஆராய்ச்சி, படிப்பு மூன்றும் ஒரே கூரையின் கீழ் என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் பார்த்த அன்று கூரையே இல்லை, நல்ல வெயில்.

1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் சி.எம்.சி.யை ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது, இதெல்லாம் வேலூரில் ஆட்டோக்காரர்கூடச் சொல்வார். ஆனால் அதே ஆட்டோக்காரர் "லாபம் பாக்காத ஆஸ்பத்திரின்னா ஏன் பில்லு போடறாங்க?" என்றும் கேட்பார். பணம் கட்ட முடிகிறவர் கட்டுவதில்தான் முடியாதவரின் பில் குறைகிறது என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கட்டியவருக்கு அது ஆறுதலாக இருக்காது, அதுவும் நியாயம்தான்.

பிறகு நான் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டேன். சோதனை முடிவு வந்ததைப் பேப்பரில் படித்தேன். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்குக் கொஞ்சம் மேல் தடுக்கிறதாம். பாதிதானா என்று முதலில் ஏமாற்றமாக இருந்தது, ஐஸ் பெட்டியோடு ஓடிய இரவுகளை நினைத்தபோது பாதி சின்ன விஷயமாகத் தெரியவில்லை. 2016இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு சேர்ந்தது, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது.

தங்கை பிள்ளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம். "இது என்ன சொட்டுக்கா?" என்று தங்கை கேட்டாள். "ரோட்டா. மருந்துதான்" என்றேன். அவள் அதைக் கேட்கவே இல்லையே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நர்ஸ் சொட்டு விட்டார், பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான்.