டிரான்ஸ்பர் ஆகாத சார்வாள்

எங்க திருநெல்வேலிப் பக்கம் நூறு வருஷம் தாண்டின பள்ளிக்கூடம்னு சொன்னா யாரும் பெருசா ஆச்சரியப்பட மாட்டாங்க, பாளையங்கோட்டையில கொஞ்ச தூரம் நடந்தாலே ரெண்டு மூணு கண்ணுல படும், ‘தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு’னு பேரே வாங்கின ஊரு. திருநெல்வேலி ம.தி.தா. இந்து பள்ளியில பாரதி படிச்சாரு, வ.உ.சி.யும் படிச்சிருக்காரு. தமிழ்நாடு பூரா பிள்ளைங்க காலையில பிரேயர்ல பாடுற தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதின மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை அங்க தலைமையாசிரியரா இருந்தவரு. இதெல்லாம் ஆண்டு விழா மேடையில வருஷா வருஷம் சொல்றதுதான், நல்லா சொல்லட்டும். ஆனா நான் சொல்ல வாரது வேற ஒண்ணு. இந்தப் பழைய ஸ்கூலுகளோட உண்மையான சொத்து கட்டடமோ, படிச்சுட்டுப் போன பெரிய ஆளுங்க பேரோ இல்ல, டிரான்ஸ்பர் ஆகாத வாத்தியாருங்கதான்.

தெரியாதவங்களுக்காகச் சொல்லிடுதேன். எய்டட் ஸ்கூல்னா சம்பளம் கவர்மெண்ட் கொடுக்கும், ஆளைப் போடுறது மேனேஜ்மெண்ட். சர்ச் மேனேஜ்மெண்டுக்கு நெறைய ஸ்கூல் இருக்கதால அவங்க ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துவாங்க. ஆனா ஒரே ஒரு ஸ்கூலை மட்டும் வச்சிருக்க கமிட்டினா எங்க மாத்த முடியும்? இருபத்தஞ்சு வயசுல வேலைக்குச் சேர்ந்தவரு ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் அதே ஸ்டாஃப் ரூம், அதே நாற்காலிதான். நான் படிச்சது அந்த மாதிரி ஸ்கூல், திருநெல்வேலி டவுன்ல. எங்க அப்பா பழைய எஸ்.எஸ்.எல்.சி., அதாவது பதினோராங் கிளாஸ் இருந்த காலத்துல அங்க படிச்சாரு, 1978ல பிளஸ் டூ வாரதுக்கு முன்னாடி. அவருக்கு வேலைக்குச் சேர்ந்த புதுசுல கணக்கு எடுத்த சார்வாள் எனக்கு ரிட்டயர்டு ஆகப்போற சமயத்துல எடுத்தாரு. ஒருநாள் என் பக்கத்துல இருந்த எங்க பெரியப்பா மகன் நோட்டை வாங்கிப் பாத்துட்டு, “ஏல, ஒங்க சித்தப்பனும் இதே எடத்துலதான் மைனஸை விடுவான், அடைப்புக்குறியை எடுக்கும்போது குறி மாறும்னு அவன்கிட்ட நூறு தடவை சொல்லிருக்கேன்”னாரு. கிளாஸே சிரிச்சுது, ஆனா அதுக்கப்புறம் அவன் அந்த மைனஸை விடவே இல்ல.

டே ஸ்கூல்ங்கறதுல இன்னொரு விஷயம் இருக்கு. பாளையங்கோட்டையில ஹாஸ்டல் பிள்ளைங்க ஜாஸ்தி, வார்டன் இருப்பாரு, ஸ்டடி அவர் இருக்கும், அது ஒரு வாழ்க்கை. எங்க ஸ்கூல்ல சாயங்காலம் மணி அடிச்சா எல்லாரும் வீட்டுக்கு. வாத்தியாரும் அதே ரத வீதி வழியாதான் சைக்கிள்ல போவாரு. நயினார்குளம் மார்க்கெட்ல எங்க அம்மா கத்திரிக்காய் பொறுக்கிட்டு இருக்கும்போது அறிவியல் டீச்சர் பக்கத்துல நின்னு தக்காளி எடுப்பாங்க, அங்கனயே கால் பரீட்சை மார்க் பூரா வெளிய வந்துரும். பேரண்ட்ஸ் மீட்டிங்னு ஒண்ணு தனியா வச்சதா எனக்கு ஞாபகமே இல்ல, அதுக்குத் தேவையும் இல்ல. யாரு வீட்டுல கஷ்டம், யாரு அப்பா கடையை மூடிட்டாரு, எந்தப் பையன் காலையில சாப்பிடாம வாரான், எல்லாம் ஸ்டாஃப் ரூமுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சா சும்மா இருக்க மாட்டாங்க, பரீட்சை ஃபீஸை யாரோ ஒருத்தரு கட்டியிருப்பாரு, யாருன்னு கடைசி வரைக்கும் பையனுக்குத் தெரியாது.

அப்புறம் அந்த ரயில் செட். செங்கோட்டை பாசஞ்சர் மீட்டர் கேஜா இருந்த காலம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவின்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நாலஞ்சு பையங்க சீசன் டிக்கெட்டோட ஏறி டவுன் ஸ்டேஷன்ல இறங்கி ஓடி வருவாங்க. அவங்க லேட்டா வந்தா மட்டும் எங்க ஹெச்.எம். கேட்டை மூடச் சொல்ல மாட்டாரு, வண்டி வந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்ல. மத்தியானம் அவங்க தூக்குவாளியைத் திறந்தா எங்களுக்கும் பங்கு உண்டு. அவங்கள்ல பாதிப் பேரு வீட்டுல அதுக்கு முன்னாடி ஹைஸ்கூல் வாசலை மிதிச்ச ஆளே கிடையாது. அந்த சீசன் டிக்கெட் இல்லைனா அவங்களும் ஊர்லயே எட்டாங் கிளாஸோட நின்னுருப்பாங்க.

போன வருஷம் அப்பாவுக்கு பாஸ்போர்ட் எடுக்கணும்னு கிளம்பினப்போ பிறந்த தேதியில ஒரு குழப்பம், சரின்னு ஸ்கூல் ஆபீஸுக்குப் போனோம். கிளார்க் அண்ணாச்சி இரும்பு பீரோவைத் திறந்து அட்மிஷன் ரிஜிஸ்டரை ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து மேசையில வச்சாரு. தடி அட்டை, முதுகுல சிவப்புத் துணி, ஓரமெல்லாம் செல்லரிச்சுப் போய் யாரோ மைதா பசையில டிரேசிங் பேப்பர் ஒட்டி வச்சிருந்தாங்க. சேர்க்கை எண், பேரு, தகப்பனார் பேரு, தொழில், ஊரு, பிறந்த தேதி, முன்னாடி படிச்ச ஸ்கூல், விட்டுப் போன தேதி, போன காரணம்னு ரெண்டு பக்கத்துக்கும் நீளுற கட்டம். பேனாவைத் தொட்டு எழுதின கையெழுத்து, மை ஊதாவா மாறிப் போயிருந்தது. அப்பா தன்னோட பேரைத் தேடாம மேலயும் கீழயும் இருக்க பேரையெல்லாம் வாய்விட்டுப் படிச்சாரு, “இவன் பஞ்சாயத்து கிளார்க் ஆனான், இவன் பம்பாய்க்குப் போனான், இவன் செத்துப் போயிட்டான்”னு. தகப்பனார் தொழில்ங்கற கட்டத்தை நான் பாத்துக்கிட்டே வந்தேன். விவசாயம், விவசாயம், கூலி, நெசவு, பனையேறுதல், வாத்தியார், கூலி. ஒரே பக்கத்துல ஒருத்தருக்கு அடுத்து ஒருத்தரு. போன காரணம்ங்கற கட்டத்துல பாதிக்கு மேல ‘வறுமை’, ‘நீண்ட நாள் வராமை’ன்னு இருந்தது. இந்த ஊரோட சரித்திரத்தை எழுதுறவங்க முதல்ல இந்த மாதிரி ரிஜிஸ்டரைத்தான் திறந்து பாக்கணும், ஒவ்வொரு ஸ்கூல்லயும் அதை ஸ்கேன் பண்ணி வைக்கணும், கரையான் காத்துக்கிட்டு இருக்காது.

இப்ப நிலைமை என்னன்னா, ரிட்டயர்டு ஆன எய்டட் போஸ்ட்ல பல இடம் காலியா கிடக்கு. இங்கிலீஷ் மீடியம் செல்ஃப் ஃபைனான்ஸ் செக்ஷன்ல கொஞ்ச சம்பளத்துக்கு வாரவங்க அடுத்த ஜூன்ல வேற எங்கயாவது போயிடுறாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. ஆனா பையன் ஆறாங் கிளாஸ்ல இருந்து பத்து வரைக்கும் கணக்குக்கு நாலு முகத்தைப் பாக்கான். அவங்கப்பன் எந்த எடத்துல மைனஸை விட்டான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்.

ஒரே இடத்துல இருக்கறதுல நல்லது மட்டும்தான்னு நான் சொல்ல வரல. நம்ம பக்கத்துல ஜாதி எப்படி ஸ்கூலுக்குள்ள வந்து உக்காருதுன்னு எல்லாருக்கும் தெரியும், கையில கட்டுற கலர் கயிறுல ஆரம்பிச்சு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில கூடப் படிச்ச பையங்களே வீடு புகுந்து பன்னிரண்டாங் கிளாஸ் பையனையும் அவன் தங்கச்சியையும் அரிவாளால வெட்டினப்போ அந்தச் செய்தியைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சோறு இறங்கல. அதுக்கப்புறம் அரசு போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்துச்சு, கயிறுக்குத் தடை, வாத்தியாருங்களை அப்பப்ப இடம் மாத்தணும்னு அதுல இருக்கு. டிரான்ஸ்பர் இல்லாத ஸ்கூல்ல வளந்தவன் நான், ஆனாலும் அந்தக் கமிட்டி சொல்றதுல நியாயம் இருக்குன்னுதான் நெனைக்கேன். ஒரே ஜாதிக்காரங்களே ஸ்டாஃப் ரூம் பூரா இருந்தா அங்க வருஷக் கணக்குல சேருறது பிள்ளைங்களைப் பத்தின ஞாபகம் இல்ல, விஷம்தான். எங்க சார்வாள் மாதிரி ஆளுங்க எல்லா ஊர்ப் பையனையும் ஒண்ணாப் பாத்ததாலதான் அந்த ஸ்கூல் ஸ்கூலா இருந்துச்சு. மேனேஜ்மெண்ட் ஆள் எடுக்கும்போது இதைப் பாக்கணும், வேற ஜாதிக்காரனையும் வெளியூர்க்காரனையும் எடுக்கணும், எடுத்துட்டு அவங்களை இருக்க விடணும்.

கட்டடத்தைப் பத்தியும் சொல்லியாகணும். 2021 டிசம்பர் 17, திருநெல்வேலியில ஒரு பழைய ஸ்கூல்ல கழிவறைச் சுவர் இடிஞ்சு விழுந்து மூணு பையங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் மாநிலம் பூரா ஸ்கூல் கட்டடங்களைச் சோதனை பண்ணி மோசமா இருந்ததுல நெறைய இடிச்சாங்க. அன்னையில இருந்து பழமை, பாரம்பரியம்னு மைக்ல யாராவது பேசினா எனக்கு முதல்ல அவங்க பேசுற ஸ்கூலோட கழிவறைச் சுவரைப் பாக்கணும்னுதான் தோணுது.

பழைய மாணவர் சங்கத்துல ஒவ்வொரு வருஷமும் காசு சேருது, நல்ல மனசோடதான் தாராங்க. ஆனா அது நுழைவாயில் வளைவாவோ, பேரு பொறிச்ச கல்லாவோ, விழா மேடையாவோ போயிடுது. 1843ல தாமிரபரணிக்குக் குறுக்க திறந்த பாலத்தைக் கட்ட சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தாரு, அதுல நடந்துதான் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் பிள்ளைங்க படிக்கப் போனாங்க. அவர் கொடுத்தது நடக்கத் தேவைப்பட்டதுக்கு. நம்ம ஸ்கூலுக்கு இப்ப தேவை கழிவறையும், அந்தக் காலி இடத்துல நிக்க கணக்கு, அறிவியல் வாத்தியாருக்கு அஞ்சு வருஷத்துக்காவது உறுதியான சம்பளமும்தான்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவுக்கு எப்படியும் பழைய மாணவருங்க எல்லாரும் ஊருக்கு வருவீங்க, தேரோட்டத்துக்கு லோக்கல் ஹாலிடே விடுவாங்க, ஸ்கூல்ல யாரும் இருக்க மாட்டாங்க. அதனால முந்தின நாளே வந்துருங்க. ஹெச்.எம்.கிட்ட நான் பேசிட்டேன், சங்கத்து கணக்கையும் எஞ்சினியர் எஸ்டிமேட்டையும் மேசையில வச்சுப் பேசலாம்னாரு. ரிஜிஸ்டரை ஸ்கேன் பண்ண ஆள் யாருக்காவது தெரிஞ்சா கூட்டிட்டு வாங்க.